சொல்லத் தெரியாத நீர்க்கடுப்பு: குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட கதை

சிறுநீர் போகும்போது எரிஞ்சா நம்ம ஊர்ல நீர்க்கடுப்புன்னு சொல்லுவோம். பேரிலேயே அறிகுறி இருக்கு. ஆனா ஒன்றரை வயசுக் குழந்தை "கடுக்குது"ன்னு வந்து சொல்லாது. காய்ச்சல் வரும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சிணுங்கிக்கிட்டே இருக்கும். வீட்ல "பல் முளைக்குது, அதான்"னு சொல்லிடுவாங்க. எரர் மெசேஜே காட்டாத பக் மாதிரி. இப்படிப்பட்ட நோயை டாக்டர்கள் எப்படிப் பிடிக்கக் கத்துக்கிட்டாங்க என்பதுதான் இந்த எபிசோட்.

தியோடர் எஷரிக், ஜெர்மனியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். 1885-ல் மியூனிக்கில், பச்சைக் குழந்தைகளின் மலத்தில் இருந்த ஒரு பாக்டீரியாவை விவரிச்சார். இன்னைக்கு நாம ஈ.கோலின்னு சொல்றது அதைத்தான். அந்த 'ஈ' அவர் பேரிலிருந்து வந்தது. 1894-ல், அப்போ அவர் வேலை பார்த்த ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில், சின்னப் பெண் குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் அதே பாக்டீரியாதான் காரணம்னு எழுதினார். குடல்ல சாதுவா இருக்கிறது, இடம் மாறினா நோய். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த்தாரை குட்டை, ஆசனவாய்க்கும் பக்கம். அதனால இடம் மாறுறது சுலபம்.

குற்றவாளி கிடைச்சாச்சு. ஆனா அதே பாக்டீரியா தோல் மேலயும் டயப்பர்லயும் இருக்குமே? கப்பில் இருக்கிறது சிறுநீர்ப்பையில இருந்துதான் வந்ததுன்னு எப்படிச் சொல்றது?

1956-ல் பாஸ்டனின் எட்வர்ட் காஸ் இதை ஒரு எண்ணிக்கைக் கேள்வியா மாத்தினார். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000-க்கு மேல இருந்தா தொற்று, குறைவா இருந்தா வெளியிலிருந்து கலந்திருக்கலாம். நல்ல விதி. ஆனா அது வளர்ந்த பெண்களை வைத்து வந்த எண். முதல்ல கொஞ்சம் விட்டு, நடுவுல பிடிச்சுக் கொடுன்னு அவங்ககிட்ட சொல்லலாம். தவழுற குழந்தைகிட்ட சொல்ல முடியுமா?

அதனால ஒட்டுற பிளாஸ்டிக் பை வந்தது. வலி இல்லை. ஆனா சிறுநீர் தோலைத் தொட்டுத்தான் பைக்குள்ள போகும். தொற்றே இல்லாத குழந்தைக்கும் ரிசல்ட் பாசிட்டிவ்னு வரலாம். தேவையில்லாத ஆன்டிபயாடிக், தேவையில்லாத ஸ்கேன். கலப்படம் இல்லாம வேணும்னா மெல்லிய குழாய் விடணும், இல்ல அடிவயித்துல ஊசி குத்தி எடுக்கணும். எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

ஸ்டிரிப் முக்கிப் பார்க்கிற டெஸ்ட்டுக்கும் ஒரு கதை இருக்கு. அதில் நைட்ரைட்டைக் காட்டுற வேதியியல், இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்த பீட்டர் கிரீஸ் 1879-ல் கொடுத்தது. ஆனா பாக்டீரியா நைட்ரைட் உண்டாக்க, சிறுநீர் சுமார் 4 மணி நேரம் பையில தங்கணும். குட்டிப் பசங்க அவ்வளவு நேரம் எங்க அடக்கி வைக்கிறாங்க? அதனால நைட்ரைட் நெகட்டிவ்னு வந்தா மட்டும் தொற்று இல்லைன்னு முடிவு கட்ட முடியாது.

இவ்வளவு மெனக்கெடணுமா? 1993-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், காய்ச்சலோட எமர்ஜென்சிக்கு வந்த ஒரு வயசுக்குள்ளான 945 குழந்தைகளுக்கு சிறுநீர் எடுத்துப் பார்த்தாங்க. சுமார் 5 சதவீதம் பேருக்குத் தொற்று. அதில், காய்ச்சலுக்குக் காதுத் தொற்று மாதிரி வேற காரணம் இருக்குன்னு டாக்டர்கள் நினைச்ச குழந்தைகளும் இருந்தாங்க. பெரும்பாலான குழந்தைகள் முழுசா குணமாயிடுவாங்க. ஆனா சிறுநீரகம் வரை போன தொற்றைத் தாமதமா பிடிச்சா, சிலருக்குத் தழும்பு நிரந்தரமா தங்கிடலாம்.

2011-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, 2 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைகளுக்கான தன் வழிகாட்டுதலை மாத்தியது. கல்ச்சரில் பாக்டீரியா வளர்ந்தா மட்டும் போதாது, சிறுநீரில் தொற்றின் அடையாளமும் தெரியணும். குழாய் அல்லது ஊசி வழியா எடுத்திருந்தா, எல்லை 1,00,000 இல்லை, 50,000. அதாவது, பெரியவங்களுக்குப் போட்ட கோடு குழந்தைகளுக்காகத் திருத்தப்பட்டது.

எனக்குப் பிடிச்சது 2017-ல் மெல்போர்னில் நடந்த ஆய்வு. குளிர்ந்த ஈரத் துணியால கைக்குழந்தையின் அடிவயித்தை மெதுவா தேய்ச்சாங்க. 5 நிமிஷத்துல 31 சதவீதம் பேர் போயிட்டாங்க. சும்மா காத்திருந்தப்போ 12 சதவீதம்தான். ஊசி இல்லை, பை இல்லை. ஒரு துணியும், பிடிக்கத் தயாரா ஒரு கப்பும்.

சளி, இருமல் எதுவும் இல்லாம 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், பழகின குழந்தை திடீர்னு உடையில போறது, போகும்போது அழறது: இதெல்லாம் பார்த்தா டாக்டர்கிட்ட "யூரின் டெஸ்ட் எடுக்கலாமா?"ன்னு கேளுங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. மருந்து உள்ளே போன பிறகு கல்ச்சர்ல ஒண்ணும் வளராம போகலாம். அப்போ காய்ச்சல் எதனால வந்ததுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.