குடைச்சூல்: சிலம்பின் உள்ளிருந்தது பற்றி

சிலப்பதிகாரத்தின் கதைக்கட்டைப் புகழும் திறனாய்வு மரபு ஒன்று உண்டு. சிலம்பை இளங்கோ புகாரிலேயே ஊன்றி வைத்து மதுரையில் அறுவடை செய்தார் என்பது அதன் முடிபு. சுவரில் தொங்கும் துப்பாக்கி பின்னால் வெடித்தாக வேண்டும் என்ற செகாவின் விதியும் அதற்குத் துணைக்கு வரும். ஊன்றியது மெய்தான். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கண்ணகியின் அடிகள் சிலம்பின்றி இருக்கின்றன. கனாத்திறம் உரைத்த காதையில் அவளே சிலம்பு இருக்கிறது, கொள்க என்கிறாள். ஆனால் வழக்கை வென்றது சிலம்பு அன்று, உள்ளே கிடந்த மாணிக்கப் பரல். அது எங்கே ஊன்றப்பட்டது?

முத்தையும் மாணிக்கத்தையும் எதிர்நிறுத்தும் பேச்சு வழக்குரை காதைக்கு முன் இல்லை. பதிகமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே என்பர். அங்கே சிலம்பின் அரி, அதாவது உள்ளிடு பரல், வருகிறது. அந்த அரி எதனால் ஆனது என்பது வரவில்லை. பதிகம் யார் வாக்கு என்ற பழைய பூசல் இங்கே நமக்கு வேண்டாம்.

கொலைக்களக் காதைக்கு வருவோம். விற்க வந்த சிலம்பைப் பொற்கொல்லனுக்குக் காட்டக் கோவலன் பொதியை அவிழ்க்கிறான். முகப்பு மணி, வயிரம், கல் பதிக்கும் கேவண வரிசை, பசும்பொன் என்று கவி மேற்பரப்பை விரல் வைத்துக் காட்டுகிறார். கொல்லனும் செய்வினை முழுவதையும் கூர்ந்து பார்க்கிறான். அந்த அடுக்கின் நடுவேதான் ‘குடைச்சூல்’ என்ற சொல் நிற்கிறது. புடைத்த வேலைப்பாடு என்று கொண்டு இதைக் கடந்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. குடைவு சரி, சூல் எதற்கு? உள்ளே கரு உண்டு என்று சொல்லி, கரு இன்னது என்று சொல்லாமல் விடுகிறார் கவி. ஆலங்குளத்துக்காரனுக்கு இது புதிதல்ல. எங்கள் பக்கத்துப் பட்டாசில் கண்ணுக்குத் தெரிவது லேபிளும் திரியும்தான்; மருந்து உள்ளே.

ஒரு சொல்லை வைத்து இவ்வளவு பேசலாமா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் வழக்குரை காதையில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லப்போகும் கண்ணகி, அதற்குச் சற்று முன் பாண்டியனைக் கொற்கை வேந்தன் என்று விளிக்கிறாள். கூடல் வேந்தன் என்றும் விளித்திருக்கலாம். கொற்கை முத்துத் துறை. ‘எம் சிலம்பின் பரல் முத்து’ என்று அரசன் சொல்லும் முன்பே முத்து அவைக்கு வந்துவிட்டது. இது தற்செயல் என்று வாதிடலாம், நான் நம்பமாட்டேன்.

ஆக, இளங்கோ துப்பாக்கியைக் காட்டினார், குண்டை மறைத்தார். கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொணர்க என்ற அரசன் சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை. அவனுக்குக் கிடைத்த வெளித்தோற்றச் சான்றுதான் நமக்கும் கிடைத்தது. கேட்டோர் கதையை முன்பே அறிந்திருப்பர் என்ற மறுப்பு வலுவற்றது. கதையை அறிந்திருப்பது வேறு, காப்பியம் எதை எப்போது அவிழ்க்கிறது என்பது வேறு.

உ.வே.சா. 1892-இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. இனி மாணவர் பதிப்புக்கு அருஞ்சொற்பொருள் எழுதுவோர், குடைச்சூலுக்கு ‘வேலைப்பாடு’ என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். சூலையும் சேர்த்து எழுதுங்கள்.