உழைக்கும் தந்தையின் உடலுக்கும் ஹக்கு உண்டு

இஷா முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகு ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி வந்து என் அருகில் உட்கார்ந்தார். கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. “ஹஜ்ரத், கொஞ்சம் ஓதிப் பாருங்க. ரெண்டு மாசமா உள்ளங்கால் எரியுது, ராத்திரியில தூக்கமே இல்ல. யாரோ கண்ணு வச்சிட்டாங்க போல” என்றார்.

ஓதிப் பார்த்தேன். பிறகு, கடைசியாக எப்போது சுகர் பார்த்தீர்கள் என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் நேரம் எங்க ஹஜ்ரத்? காலைல ஒன்பதுக்குக் கடை திறந்தா அடைக்க ராத்திரி பதினொண்ணு. மூணு பிள்ளைங்க படிக்குது” என்றார். மறுநாள் வற்புறுத்தி அனுப்பி வைத்தேன். வெறும் வயிற்றில் 290 இருந்தது.

கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓதிப் பார்க்க வருகிற ஆண்களில் பலருக்கு நான் முதலில் கேட்க வேண்டியிருப்பது தூக்கத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பற்றித்தான். அவர்கள் சொல்லும் காரணமும் ஒன்றேதான்: பிள்ளைகளுக்காகத்தானே ஓடுகிறேன்.

அந்தக் காரணம் பொய்யானதல்ல. குடும்பத்துக்காக ஹலாலாகச் சம்பாதிப்பது மார்க்கத்தில் இபாதத். அல்லாஹ்வின் திருப்தியை நாடிச் செலவிட்டால், மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்குக்கூட நற்கூலி உண்டு என்று ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆனால் இபாதத் என்ற பெயரில்கூட உடலை வதைக்க அனுமதி உண்டா? இந்தக் கேள்விக்கு விடை நபியவர்கள் காலத்திலேயே கிடைத்துவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் சல்மான் ஃபார்ஸி (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் சல்மான் தம் சகோதரர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி எந்த அலங்காரமும் இல்லாமல் பழைய உடையில் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். உங்கள் சகோதரருக்கு உலகத்தில் எதுவும் தேவையில்லையாம் என்று அந்த அம்மையார் பதில் சொன்னார். எவ்வளவு நாள் மனத்தில் வைத்திருந்த சொல்லோ! அபுத்தர்தா விருந்தாளிக்கு உணவு வைத்துவிட்டு, தாம் நோன்பு என்றார். நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்றார் சல்மான். அவரும் சாப்பிட்டார். இரவில் அபுத்தர்தா தொழ எழுந்தபோது, தூங்குங்கள் என்று படுக்க வைத்தார். மறுபடி எழுந்தார், மறுபடியும் படுக்க வைத்தார். இரவின் கடைசிப் பகுதியில் இப்போது எழுங்கள் என்று சொல்லி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு, உங்கள் ரப்புக்கு உங்கள் மேல் ஹக்கு உண்டு, உங்கள் உடலுக்கும் உண்டு, உங்கள் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடுங்கள் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார் சல்மான். செய்தி நபியவர்களிடம் போனபோது, சல்மான் சொன்னது உண்மை என்றார்கள். புகாரியில் 1968ஆம் ஹதீஸாக இது பதிவாகியிருக்கிறது.

அபுத்தர்தா (ரலி) தூக்கத்தை விட்டது கடைக்காக அல்ல, ஓவர்டைமுக்காக அல்ல. இரவுத் தொழுகைக்காக. பகலில் உண்ணாதிருந்தது நோன்புக்காக. அதற்கே இந்தத் தடை என்றால், ‘வியாபாரம் விடவில்லை’ என்ற நம் சமாதானம் அல்லாஹ்விடம் எப்படி நிற்கும்? அந்த வீட்டில் பாதிக்கப்பட்டது அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதையும் பாருங்கள். முதலில் தெரிந்தது அவருடைய மனைவியின் முகத்தில்.

முதலில் தூக்கம். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் உட்கார்வதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. நாமோ பதினொன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வரை செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். சுப்ஹு தவறுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரவில் ஈடுகட்ட முடியாதவர்களுக்கு கைலூலா இருக்கிறது. ஸஹாபாக்கள் ஜும்ஆ முடிந்து பகல் தூக்கம் தூங்கிய செய்தி புகாரியிலேயே இருக்கிறது. லுஹருக்குப் பின் கடையில் ஆளை உட்கார வைத்துவிட்டு இருபது நிமிடம் கண் மூடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது பரிசோதனை. எந்த நோயையும் அல்லாஹ் மருந்தில்லாமல் இறக்கவில்லை, ஆகவே மருத்துவம் செய்யுங்கள் என்பது நபிவழி. வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்குள் இருக்க வேண்டும். 126ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம், மருத்துவர் மறுபடி பார்த்து உறுதி செய்வார். இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் சும்மா விடக்கூடாது. இரண்டுமே ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடியவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த இரண்டுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். செலவாகும் என்ற காரணமும் இங்கே எடுபடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமளானுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. நோன்பு உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், குர்ஆன் நோயாளிக்குத் தந்த சலுகையை ஏற்பதுதான் தக்வா. பிடிவாதமாக நோன்பு வைத்து, அஸர் நேரத்தில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டவில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சு என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். வலீமா பந்தியில் உட்காரும்போதுதான் மறந்துவிடுகிறது. நடைக்குத் தனி நேரம் இல்லாதவர்கள், ஐந்து வேளையில் மூன்று வேளையாவது பைக்கை விட்டுவிட்டுப் பள்ளிக்கு நடந்து வரலாம்.

மனத்தின் பாரம் இதைவிடக் கடினமானது, ஏனென்றால் ஆண்கள் அதைச் சொல்வதில்லை. கடன், மகளின் நிக்காஹ், வேலை போய்விடுமோ என்ற பயம். வளைகுடாவில் இருக்கும் அத்தாமார் நெஞ்சுவலி வந்த அன்றும் போனில் ‘இங்கே நல்லா இருக்கேன்’ என்றே சொல்கிறார்கள். யஃகூப் (அலை) ஒரு நபி, ஒரு தந்தை. மகனைப் பிரிந்த கவலையில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போனதை அல்லாஹ் சூரா யூசுஃபில் குறை சொல்லாமல் குறிப்பிடுகிறான். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். துஆவில் அழுங்கள், மனைவியிடமும் சொல்லுங்கள். தூக்கமும் பசியும் பல வாரங்களாகக் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இதை ஈமானின் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றார்கள். ஓர் உம்மத்தின் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கே அதற்கு நேரம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு கடையை அடைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சாப்பிடுங்கள். உங்கள் களைப்புக்கும் அது மருந்து.

செருப்புக் கடைச் சகோதரர் இப்போது ஒன்பதரைக்குக் கடையை அடைக்கிறார். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அவரே சொன்னார். கால் எரிச்சல் முழுதாகப் போகவில்லை. நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு, முன்பே வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர். போன வாரம் சுப்ஹுக்கு முதல் ஸஃப்பில் நின்றிருந்தார். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு அவருடைய சின்ன மகன்.