ஊசி முனையில் ஒரு காது

திண்டுக்கல்லிலிருந்து மதுரைப் பாதையில் சிறுமலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனால், சுங்குடிச் சேலைக்குப் பெயர் போன சின்னாளபட்டி வரும். அதை ஒட்டினாற்போல் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது அது. அந்த ராமச்சந்திரன் இளைஞராக இருந்தபோது கேட்ட ஒரு கேள்விக்கும், நம் வீட்டு மூலையில் துணி போர்த்தி நிற்கிறதே பழைய தையல் மிஷின், அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

வருஷம் 1924. ராமச்சந்திரன் சாந்திநிகேதனத்து மாணவர். டில்லியில் காந்திஜியைச் சந்தித்து, எல்லா யந்திரங்களையுமே தாங்கள் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார். இந்த உடம்பே ஒரு யந்திரம், ராட்டையும் யந்திரம், யந்திரப் பைத்தியத்தைத்தான் வேண்டாம் என்கிறேன் என்ற கருத்தில் பதில் வந்தது. விலக்கு ஏதாவது உண்டா என்றதற்கு, ஸிங்கர் தையல் மிஷினைச் சொன்னார் காந்திஜி. மனைவி தன் கையாலேயே தைத்துத் தைத்துச் சலிப்பதை ஸிங்கர் பார்த்தாராம். அவள் மீதுள்ள அன்பினால் மிஷினைச் செய்தாராம். பையன் விடவில்லை. அந்த மிஷினைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினான். அப்படிப்பட்ட ஆலைகள் ராஜாங்கத்தின் வசம் இருக்கட்டும் என்றார் காந்திஜி.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, அந்த மனைவியின் கதை முதலில் படித்தபோதே பிடித்துவிட்டது. ஆனால் சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. ஐசக் ஸிங்கர் நாடக நடிகர். 1850-ல் பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில், சரியாக ஓடாத ஒரு தையல் மிஷினைப் பார்த்து, அதைத் திருத்தி அமைத்தார். 1851-ல் காப்புரிமை வாங்கினார். நோக்கம் பணம். அவருடைய குடும்ப வாழ்க்கையோ, ஒரு மனைவியின் மீது வைத்த அன்புக்கு உதாரணமாகக் காட்டக் கூடியதே அல்ல!

அப்படியானால் அந்தக் கதை யாருடையது? எலியாஸ் ஹோவ் என்ற ஏழைத் தொழிலாளியுடையது என்றே நான் நினைக்கிறேன். அவர் நோயாகப் படுத்திருந்த காலத்தில், மனைவி இரவு பகலாகத் தைத்துக் குடும்பத்தை நடத்தினாளாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மிஷின் யோசனை பிறந்தது என்பார்கள். 1846-ல் அவர் காப்புரிமை பெற்றார். வாங்குவாரில்லை. இங்கிலாந்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியபோது மனைவி மரணப் படுக்கையில் கிடந்தாள். பிறகு ஸிங்கர் மேல் வழக்குப் போட்டு, 1854-ல் ஜயித்து, பெரும் செல்வரானார். அந்தச் செல்வத்தில் ஒரு காசைக்கூட அவள் கண்ணால் பார்க்கவில்லை.

ஹோவ் மிஷினின் ரகசியம் ஊசியின் காதில் இருக்கிறது. கை ஊசிக்குக் காது தலைப்பக்கம். மிஷின் ஊசிக்கு முனையில். ஊசி துணியைத் துளைத்துக் கீழே போய் மேலே திரும்பும் அந்தக் கணத்தில், நூல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். கீழே இருக்கும் ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் நூலைச் சுற்றி விடும். இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். அதுதான் தையல்.

இது தெரிந்தால் பழைய மிஷினில் நூல் கோப்பது மந்திரம் அல்ல. முதலில் பாதத்தைத் தூக்கிவிட வேண்டும். டென்ஷன் வில்லைகள் தளர்ந்து நூலுக்கு வழி விடும். சக்கரத்தைத் திருப்பி, மேலும் கீழும் ஆடுகிற நெம்புகோலை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கண்டிலிருந்து கொக்கி, கொக்கியிலிருந்து டென்ஷன் வில்லைகளின் நடு, அங்கிருந்து சின்னக் கம்பிச் சுருள், பின் நெம்புகோலின் துளை, மறுபடி கீழிறங்கி ஊசி. ஊசியை எந்தப் பக்கமிருந்து கோப்பது? விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். அந்தப் பக்கமிருந்துதான். நூல் பள்ளத்தில் ஒளிந்து இறங்கினால்தான் மறுபக்கம் வளையம் பிதுங்கும். மாற்றிக் கோத்தால் ஷட்டில் வெறுமனே சுழலும். தையல் விட்டு விட்டு விழும். மிஷின் பழசாகிவிட்டது என்று விற்றுவிடப் புறப்படுகிறவர்கள், முதலில் இந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

காந்திஜியின் கதை தவறென்றால் அவருடைய தீர்ப்பும் தவறுதானா? தையல் மிஷின் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு மிஷினுக்கு உரிமை பெற்றார். மறு வருஷமே, பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் பட்டறைக்குள் புகுந்து மிஷின்களை நொறுக்கினார்கள். திமோனியே ஏழையாகவே 1857-ல் செத்துப்போனார். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் ஹோவுக்கும் முன்பே மிஷின் செய்து பார்த்து, தையல் பெண்களின் கூலி போய்விடுமே என்று உரிமை கேட்காமல் விட்டுவிட்டார் என்பார்கள். அவர்கள் பயம் வீண் பயம் அல்ல. பெரிய ஆலையில் நூறு மிஷின்களை வரிசையாக வைத்து, நேரம் காலம் இல்லாமல் பெண்களைத் தைக்க வைத்ததும் இதே யந்திரந்தான்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. 1856-ல் ஸிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையில் மிஷின் விற்கத் தொடங்கினார். நூறு டாலர் சாமான் சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது. நம் தமிழ்நாட்டு அரசு, விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஒரு பிழைப்புக் காட்ட நினைத்தபோது இலவசமாகக் கொடுத்ததும் தையல் மிஷினைத்தான். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில், நத்தம் பக்கம், சட்டை தைத்தே அடுப்பு எரியும் வீடுகள் அநேகம்.

மிஷின் யாருடையது என்பதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. மிதிக்கிற காலுக்கு உரியவளே மிஷினுக்கும் உரியவளாக இருந்தால் அது ராட்டைக்குத் தங்கை. வேறொருவர் கையில் இருந்தால், அது காந்திஜி பயந்த யந்திரம். சாந்திநிகேதனத்துப் பையன் அன்று தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டதும், அவர் ராஜாங்கம் என்று பதில் சொன்னதும் இதைப் பற்றித்தான். அந்தக் கேள்விக்குச் சரியான விடை இன்னும் கிடைத்தபாடில்லை.