காப்பித் தோட்டத்து வாய்ப்புண்



உலகப் பொருளாதாரப் பெருமந்தம் பாடம் நடத்தும்போதெல்லாம் பிரேசில் கதை ஒன்று சொல்வேன், நினைவிருக்கிறதா? 1930களில் காப்பி விலை சரிந்தபோது, விலையை ஏற்றுவதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டையை எரித்தார்களே, அந்தக் கதை. அதை விளைவித்த கூலிக்காரர்களைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் நான் பேசியதில்லை. அந்தப் பாக்கியை இன்று தீர்க்கிறேன்.

1908இல் சாவோ பாவ்லோவில் அடோல்ஃபோ லுட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். வாயில் கடுமையான புண், கழுத்தில் நெறி. காரணம் ஒரு பூஞ்சை. வெளியே வளர்த்தால் நூல்நூலாக ஓடும். உடம்புக்குள் உருண்டையாகி, சுற்றிலும் மொட்டு விட்டு, கப்பல் சுக்கான் சக்கரம் போல இருக்கும். பாராகாக்சிடியாய்டிஸ் பிரேசிலியன்சிஸ் என்று 1930இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சைக்கு வராது!

இதற்கு ஆளானவர்கள் பெரும்பாலும் மண்ணில் உழைத்த, அதுவரை திடகாத்திரமாக இருந்த 30 முதல் 60 வயது ஆண்கள். உதடும் ஈறும் வீங்கிச் செம்புள்ளிகளோடு புண்ணாகும். முகத்திலும் தோலிலும் புண் வரும். காசநோய் என்றோ புற்றுநோய் என்றோ தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. (பயப்படாதீர்கள், இது லத்தீன் அமெரிக்க மண்ணின் நோய். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. ஆனால் எந்த வாய்ப்புண்ணும் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.)

கிருமி எப்படி நுழைந்தது? தோட்டக் கூலிகள் குச்சியால் பல் குத்துவார்கள், இலையை மெல்லுவார்கள். அதனால்தான் என்று மருத்துவர்கள் வெகுகாலம் நம்பினார்கள். புண் வாயில் இருக்கிறது, ஆகவே பழி ஏழையின் குச்சி மேல்! வேப்பங்குச்சியில் பல் விளக்கி வளர்ந்தவன் நான். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் அது மண்ணில் வாழும் பூஞ்சை. மண்ணைக் கிளறும்போது எழும் புழுதியோடு மூச்சில் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பல வருஷம் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு வாய்க்கும் தோலுக்கும் பரவுகிறது. இளமையில் அங்கே வேலை பார்த்துவிட்டு ஐரோப்பா திரும்பியவர்களுக்குக்கூட வெகுகாலம் கழித்து வந்திருக்கிறது.

பெண்களும் அதே வயலில்தானே வேலை செய்தார்கள்? தோலில் ஊசி போட்டுச் சோதித்தால் கிருமி இரு பாலாரையும் தொட்டிருப்பது தெரிந்தது. நோயாக முற்றியதோ பெரும்பாலும் ஆண்களுக்கு. 1980களில் கொலம்பியாவின் மெடலினில் ஆராய்ந்தவர்கள் விடை கண்டார்கள்: நூல் வடிவம் உருண்டை வடிவமாக மாறுவதை ஈஸ்ட்ரோஜன் தடுக்கிறது. பருவம் எய்தாத பிள்ளைகளிடம் ஆண் பெண் வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

1940இல் சல்பா மருந்து வரும்வரை இந்த நோய்க்கு உருப்படியான சிகிச்சை கிடையாது. இன்று இட்ராகோனசோல் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில், சிலர் ஒரு வருஷத்துக்கு மேலும் சாப்பிட வேண்டும். புண் ஆறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு வயலுக்குப் போனால் நோய் திரும்பி வரும். முழுக்கக் குணமானவர்களிலும் பலருக்கு நுரையீரல் தழும்பேறி, மண்வெட்டியைப் பிடித்தாலே மூச்சு வாங்கும்.