தார் காய்ச்சிய பிரபு

மரக்கப்பலுக்குப் புயலைவிடப் பெரிய பகை ஒரு புழு. உண்மையில் அது புழுவன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. நீருக்கடியிலுள்ள பலகைகளைத் துளைத்து, வெளியே தெரியாதபடி உள்ளே சல்லடையாக்கிவிடும். இளமையில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து ஆப்பிரிக்காவின் கினிக் கரைவரை சென்ற ஆர்ச்சிபால்டு காக்ரேன் இக்கேட்டை நேரில் கண்டவர்.

1748இல் பிறந்த இவர், 1778இல் தந்தை இறந்ததும் ஒன்பதாவது டண்டொனால்டு பிரபு ஆனார். ஸ்காட்லாந்தின் பழம்பெரும் பட்டங்களுள் அது ஒன்று. ஆனால் குடும்பச் சொத்தோ முன்னமே கரைந்திருந்தது. கூரஸ் என்னும் ஊரில் ஒரு மாளிகையும் அதைச் சூழ்ந்த நிலமும், அந்நிலத்தடியில் நிலக்கரியுமே மிச்சம். நிலக்கரியைக் கொண்டே குடும்பத்தை நிமிர்த்திவிடலாம் என அவர் நம்பினார்.

அக்காலத்தில் கப்பலுக்குப் பூசிய தார் மரத்திலிருந்து வந்தது. அதன் பெரும்பகுதி இறக்குமதி. காற்றை அளவோடு விட்டு, சூளையில் நிலக்கரியைப் புகையவிட்டால் எழும் ஆவியைக் குளிர்வித்துத் தார் எடுக்கலாம். எஞ்சும் கற்கரி இரும்பு உலைகளுக்கு விலைபோகும். இம்முறைக்கு 1781இல் காப்புரிமை பெற்றார். 1785இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. (முயிர்கிர்க்கில் இத்தார்த் தொழிலை நடத்தியவர்களுள் ஒருவர், பின்னாளில் சாலை அமைத்துப் புகழ்பெற்ற மக்காடம். அவர் போட்ட சாலைகளில் தார் இல்லை என்பது வேடிக்கை!)

இனிப் பிரபுவின் கடன் தீர வேண்டியதுதானே? தீரவில்லை. 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடற்படை தன் கப்பல்களின் அடிப்பாகத்திற்குச் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கியிருந்தது. தகடு இருக்கத் தார் எதற்கு?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை அவர் உணரவே இல்லை. சூளையின் குழாயோடு ஒரு துப்பாக்கிக் குழலைப் பொருத்தி, அதன் வாயில் வந்த வாயுவைக் கொளுத்தினாராம். ஃபோர்த் முகத்துவாரத்தின் எதிர்க்கரை வரை அவ்வொளி தெரிந்தது என அவருடைய மகன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிரபுவுக்கு அது வெறும் வேடிக்கை. அவர் தேடியது தாரை. 1792இல் இதே நிலக்கரி வாயுவால் தம் வீட்டில் விளக்கேற்றிய வில்லியம் மர்டாக்கிற்கே வாயு விளக்கின் புகழ் சேர்ந்தது. அடுத்த தலைமுறைக்குள் லண்டன் தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்தன.

அவர் ஓயவில்லை. உப்பிலிருந்து சோடா செய்ய முயன்றார். உழவுக்கும் வேதியியலுக்கும் உள்ள தொடர்பை விளக்கி 1795இல் ஒரு நூல் வெளியிட்டார். ஹம்ப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூல் வெளிவந்ததோ 1813இல்தான். வேதியியலில் அவர் கண் கூர்மையானது. கணக்கில் அப்படியில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு முயற்சி பலன் தருமுன் அடுத்ததில் பணத்தைக் கொட்டினார். கூரஸ் நிலமும் கைமாறியது.

1831இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். அவர் காய்ச்சியெடுத்த அதே கரிய பொருளிலிருந்து கிடைத்த அனிலினைக் கொண்டு 1856இல் பெர்க்கின் ஊதாச் சாயம் செய்தார். கடற்போர்களில் பெயர்பெற்ற மகன் தாமஸ் பத்தாவது டண்டொனால்டு பிரபு ஆனபோது, தந்தை வழியில் அவருக்கு வந்து சேர்ந்தது பட்டம் மட்டுமே.