ஒரு வரி இறங்கியபோது

மகரகமைக்கும் தெல்லிப்பழைக்கும் மருந்துக்குப் போய்வரும் குடும்பங்கள் நம் முல்லைத்தீவிலும் உண்டு. ஆகவே இதை எழுதுகிறோம்.

ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகள் எவ்வளவு தொழிற்படுகின்றன என்று ஒரே தகட்டில் அளப்பது மைக்ரோஅரே. இந்த அளவுகளை வைத்து யாருக்கு எந்தப் புற்றுநோய் மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றது, 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அனில் பொட்டி குழு. நோயாளரில் பரிசோதனையும் தொடங்கியது.

கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளிவிபரவியலாளர் கணக்கைத் திருப்பிச் செய்தார்கள். பரம்பரையலகுப் பட்டியல் ஒரு வரி இறங்கியிருந்தது. இடாப்பில் வரி தவறினால் ஒரு பிள்ளையின் புள்ளி அடுத்த பிள்ளைக்குப் போகுமே, அதேதான்.

2007இலேயே எழுதினார்கள். பரிசோதனைகள் முற்றாக நிற்க 2010 ஆனது. கட்டுரை 2011இல் மீளப்பெறப்பட்டது. பொட்டி பொய்த் தரவும் சேர்த்தார் என்று 2015இல் அரச விசாரணை முடிவுசெய்தது.