சென்ற காலமும் சம்பாஷணையும்

லத்தீனையும் கிரேக்கத்தையும் பயிற்றுவதற்கென்று ஐரோப்பாவில் ஏற்பட்டிருந்த வியாகரண முறையே, மக்கள் நாள்தோறும் பேசும் மொழிகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரமாணமாகக் கொள்ளப்பட்டமையால், 'கோ, வென்ட், கான்' என்று வினைகளை வரிசையாக ஒப்பித்துவிட்டால் ஆங்கிலத்தின் இறந்தகாலம் கைவந்துவிட்டதாகவே நம் நாட்டு உபாத்தியாயர்களும் வெகுகாலம் கருதிவந்தார்கள்.

இந்த நம்பிக்கையின் வெறுமையைத் தம் அனுபவத்தாலேயே கண்டுகொண்டவர் பிரான்சு தேசத்து ஆசிரியர் பிரான்சுவா குவேன். ஜெர்மன் மொழி பயில ஹாம்பர்க் நகரம் சென்ற அவர், இலக்கண நூலையும் ஒழுங்கில் அடங்காத 248 வினைகளையும் பத்தே நாட்களில் மனனம் செய்துகொண்டு அங்கிருந்த உயர்கல்விக் கழகத்துக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே பேசிய பேச்சில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. ஊர் திரும்பியபின், மூன்று வயதுள்ள மருமகன் ஒரு மாவு ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, கண்டதையெல்லாம் நிகழ்ந்த கிரமத்திலேயே எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வதைக் கண்டார். நடந்ததை வரிசையாகச் சொல்வதே மொழிக்கு வழி என்ற அவருடைய சித்தாந்தம் 1880-இல் நூலாயிற்று.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் தம் பள்ளியைத் தொடங்கி, கற்கும் மொழியிலேயே பேசிக் கற்பிக்கும் நேர்முறையைப் பரப்பலானார். பெல்ஜியத்தில் அத்தகைய ஒரு பள்ளியில் தொழில் பழகிய ஹெரால்டு பாமர், 1922-இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் அங்கே ஆங்கில போதனைக்கு வழிகாட்டினார். நேர்முறை வகுப்பில் ஆசிரியர் சொன்னபடி மாணவன் எழுந்து கதவைத் திறப்பான். திறந்துவிட்டு, தான் செய்ததைச் சொல்லுவான். இவ்வாறு இறந்தகாலம் ஏட்டினின்று செயலுக்கு வந்தது. ஆயினும் அந்தச் சென்ற காலத்துக்கு வயது ஒரு நிமிஷந்தான். 1950-களில் சென்னை மாநிலத்துக்கு வந்த அமைப்புமுறைப் பாடத்திட்டமும் வாக்கிய வார்ப்புகளைப் படிப்படியாகப் பழக்கிற்றேயன்றி, மாணவனின் வாழ்க்கையைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை.

அந்த விசாரணை பிரதானமானது 1970-களில். கருத்துப் பரிமாற்றமே மொழியின் பிரயோஜனம் என்ற கொள்கை மேலோங்கிய அந்நாளில், மாணவர் தம் நினைவுகளையும் உணர்ச்சிகளையும் பகிர்ந்துகொள்ளும் பயிற்சிகளை ஜெர்ட்ரூட் மாஸ்கோவிட்ஸ் 1978-இல் நூலாகத் தொகுத்தார். ஆங்கிலத்தில் இம்முறைக்குத் தனிச்சிறப்பு உண்டு. 'ஹாவ் யூ எவர்' என்று தொடங்கி, கடலில் என்றேனும் பயணம் செய்ததுண்டா என்று கேட்டால், காலம் குறியாத அனுபவம் வெளிவரும். உண்டு என்றதும் எப்பொழுது, யாருடன் என்று கேள்வி தொடர, வினையும் தானாகவே 'டிட்', 'வென்ட்' என்று நாள் குறித்த இறந்தகாலத்துக்கு இறங்கிவிடும். சட்டங்களாகப் பிரித்து நெட்டுருச் செய்த வேறுபாடு, இரண்டு கேள்விகளின் இடையே இயல்பாக விளங்கிவிடுகிறது.

கதவைத் திறந்தவன் யார் என்பது வகுப்பிலுள்ள அனைவருக்கும் தெரியும். ஆகவே, அந்த விடைக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. கடற்பயணத்தின் கதையோ மாணவனுக்கு மட்டுமே தெரியும். ஆசிரியர் அறியாதவராய் அமர்ந்து கேட்கிறார். ஒரு நூற்றாண்டுக் காலச் சீர்திருத்தத்தில் இலக்கணம் சிறிதும் மாறவில்லை. விடை அறிந்தவரின் இடந்தான் மாறியிருக்கிறது.